மையமற்ற கணினி வலையில் நடுவில் நின்று சம்பாதிப்பது எப்படி: ஒரு பூல் நடத்துபவரின் கணக்கு

நான் ஒரு சின்ன ஜிபியு பூல் நடத்துகிறேன், அதாவது பலருடைய கிராபிக்ஸ் கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கும் குழு. லைவ்பியர் என்ற வலையில் (ஒரே நிறுவனத்தின் சர்வர்கள் இல்லாமல், பலருடைய கணினிகள் சேர்ந்து இயங்கும் வலை), நேரலை வீடியோவைப் பல அளவுகளுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை. எனக்குப் பின்னால் பதினொரு பேர் தங்கள் கிராபிக்ஸ் கார்டுகளை இணைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் வேலை கொடுக்கும் கேட்வேக்கள். என்னிடம் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு கார்டு, அதுவும் சோதனைக்கு. இருந்தும் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது.

"கார்டு அவங்களோடது, வேலை கேட்வேயோடது, உனக்கு எதுக்குப் பணம்?" என்று நெருங்கிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். பதில் இதுதான்: இந்த வலைகள் பணத்தை ஒழுங்காகத் தருவதில்லை. சில நாள் ஒன்றும் வராது, ஒரு நாள் மொத்தமாக வரும். கார்டு வைத்திருப்பவருக்கு வாரா வாரம் சீராக வேண்டும். அந்த மேடு பள்ளத்தை நான் தாங்கிக்கொள்கிறேன், அதற்கான கூலியே என் கமிஷன். நடுவில் நிற்கும் எல்லாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். யாருடைய எந்தச் சுமையைத் தாங்குகிறோம் என்பதில் மட்டும் வேறுபாடு.

முதலில், பணம் வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு வலையில் சேரும் முன் அதன் விதிகளில் ஒன்றைத் தேடுங்கள்: நடுவில் இருப்பவர் கட்டணம் வைக்க விதிக்குள் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு முக்கியமான வேலை செய்தாலும் காசு வராது.

எத்தீரியம் என்ற பிளாக்செயினின் (பலர் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடு) ரிலேக்கள் இதற்கு நல்ல உதாரணம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கை (கணினிப் போட்டியில் வெல்பவர் கணக்கை எழுதிப் பரிசு பெறும் முறை) விட்டு ஸ்டேக்கிங்குக்கு (நாணயத்தைப் பிணையாக வைத்தவர் எழுதும் முறை) மாறிய பிறகு, பரிவர்த்தனைகளின் தொகுப்பான பிளாக்கைக் கட்டுபவருக்கும் அதை முன்வைக்கும் வேலிடேட்டருக்கும் இடையே ரிலே என்ற ஒரு நம்பிக்கைக்குரிய ஆள் வந்தார். இரண்டு பக்கமும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சர்வர் செலவு உண்டு, ஆட்கள் செலவு உண்டு, இரவு பகலாகக் கண்விழிப்பும் உண்டு. ஆனால் அவருக்குக் கட்டணம் என்று விதியில் ஒன்றும் எழுதவில்லை. பிளாக்நேட்டிவ் என்ற நிறுவனம் நடத்தி வந்த ரிலேயை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. வருமானத்துக்கு வழி இல்லை என்பதுதான் காரணம்.

வழி மூன்று விதமாக இருக்கும். வேலைக்குக் கிடைக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு. வலை புதிதாக அச்சிடும் டோக்கனில் (டிஜிட்டல் நாணயம்) ஒரு பங்கு. அல்லது வலைக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்கும் பணம். என் பூலில் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதைச் செய்பவர்களை எனக்குத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கெட் கணக்கு

இதுதான் என் தொழிலின் அடிப்படை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லைவ்பியரில் வீடியோ சுமார் இரண்டு நொடித் துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பிளாக்செயினில் பணம் அனுப்பினால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்ட வேண்டிய கேஸ் என்ற கட்டணமே மொத்தத்தையும் விழுங்கிவிடும். அதனால் கேட்வே பணத்துக்குப் பதிலாக டிக்கெட் அனுப்புகிறது. லாட்டரி மாதிரி: பெரும்பாலான டிக்கெட்டுகள் வெறும் காகிதம், எப்போதோ ஒன்று வெல்லும். வென்றதை மட்டும் செயினில் கொடுத்து ஈத்தராக (எத்தீரியத்தின் நாணயம்) மாற்றிக்கொள்ளலாம்.

கணக்குக்காக எண்கள் வைத்துக்கொள்வோம். டிக்கெட்டின் முக மதிப்பு 0.01 ஈத்தர். வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அப்படியென்றால் ஒரு டிக்கெட்டின் சராசரி மதிப்பு 0.00001 ஈத்தர். ஆயிரம் டிக்கெட் வந்தால் ஒன்று வெல்லும் என்று மனசு சொல்லும். உண்மை என்ன தெரியுமா? ஆயிரம் டிக்கெட்டில் ஒன்றுகூட வெல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். மூவாயிரம் வந்தும் ஒன்றும் வெல்லாமல் போக 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

நான் தொடங்கிய புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. முதல் மாதம் அடுத்தடுத்து டிக்கெட் வென்றது. வந்ததை வந்தபடியே பிரித்துக் கொடுத்துவிட்டேன். மறு மாதம் வேலை அதே அளவு வந்தது, டிக்கெட் ஒன்றுதான் வென்றது. ஒரு தம்பி செய்தி அனுப்பினான்: "அண்ணே, என் கார்டு ராத்திரி பகலா ஓடுது, மீட்டர்ல யூனிட் ஏறுது. காசு மட்டும் ஏன் வரல?" அவனிடம் வாய்ப்புக் கணக்கை விளக்கினேன். புரிந்துகொண்டான். ஆனாலும் அடுத்த வாரம் கார்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் தப்பே இல்லை. மின்கட்டணம் வாய்ப்புக் கணக்குப்படி வருவதில்லை.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். இப்போது டிக்கெட் வென்றாலும் வெல்லாவிட்டாலும், ஒவ்வொருவர் கார்டும் செய்த வேலைக்கான சராசரி மதிப்பில் 80 சதவீதத்தை வாரா வாரம் கொடுத்துவிடுகிறேன். மீதி 20 எனக்கு. வெல்லாத வாரத்தில் என் கையிலிருந்து போகும், வென்ற வாரத்தில் திரும்பி வரும்.

பிட்காயின் மைனிங் பூல்கள் இந்தக் கேள்வியை எப்போதோ சந்தித்துவிட்டன. முதல் மைனிங் பூல் 2010-லேயே வந்தது. பிளாக் கிடைக்கிறதோ இல்லையோ வேலைக்குக் காசு என்பது ஒரு முறை, அதைப் பிபிஎஸ் என்பார்கள். கிடைக்கும்போது மட்டும், கடைசியாகச் செய்த வேலையின் விகிதப்படி பிரிப்பது இன்னொரு முறை, அது பிபிஎல்என்எஸ். முதல் முறையில் பூல்காரர் தலையில் ஆபத்து, அதனால் கமிஷன் கூடுதல். இரண்டாவதில் ஆபத்து உறுப்பினர் தலையில், கமிஷன் குறைவு. நீங்கள் எந்த வலையில் நின்றாலும் இந்த இரண்டில் எது என்று முதல் நாளே முடிவெடுத்து எழுத்தில் போட்டுவிடுங்கள். என்னை மாதிரி நடுவழியில் மாற்றினால் நம்பிக்கை போகும்.

வேலைக்குக் காசு என்று முடிவெடுத்தால் கையிருப்பு எவ்வளவு வேண்டும்? உங்கள் பூலுக்கு மாதம் சராசரியாக நான்கு டிக்கெட் வெல்ல வேண்டும் என்று வையுங்கள். சராசரி வருமானம் 0.04 ஈத்தர். உறுப்பினர்களுக்குப் போக வேண்டியது 0.032. ஒன்றோ அல்லது ஒன்றுமே இல்லாமலோ போகும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம், அதாவது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு மாதம் அப்படித்தான் இருக்கும். அந்த மாதம் ஒன்றுமே வெல்லாவிட்டால் 0.032 முழுவதும் உங்கள் பையிலிருந்து. நான் மூன்று மாதப் பட்டுவாடாவுக்கான ஈத்தரைத் தனி வாலட்டில் (டிஜிட்டல் பணப்பை) வைத்திருக்கிறேன். பட்டுவாடா குறையும்போது தவிர அதைத் தொடுவதில்லை. இவ்வளவு முதல் இல்லாதவர்கள் தயவுசெய்து இரண்டாவது முறைக்கே போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முக மதிப்பை எவ்வளவு வைப்பது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. டிக்கெட்டைக் காசாக்க ஒரு முறைக்கு 0.0002 ஈத்தர் கேஸ் ஆகிறது என்று வையுங்கள். முக மதிப்பு 0.001 என்றால் மாதம் நாற்பது டிக்கெட் வெல்லும், வருமானம் சீராக வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கேஸுக்கே போய்விடும். 0.01 என்றால் கேஸ் 2 சதவீதம்தான், ஆனால் மாதம் நான்குதான் வெல்லும். 0.04 வைத்தால் கேஸ் அரை சதவீதம், மாதம் சராசரி ஒன்று, மூன்றில் ஒரு மாதத்துக்கும் மேல் வெறுங்கை. கேஸைக் குறைத்தால் ஆட்டம் கூடும், ஆட்டத்தைக் குறைத்தால் கேஸ் கூடும். கையிருப்பு பெருகப் பெருக முக மதிப்பை ஏற்றலாம். கேட்வே பிணையாகக் கட்டியிருக்கும் இருப்பைப் பொறுத்து இதற்கு ஒரு மேல் வரம்பும் உண்டு.

2022 பிப்ரவரியில் லைவ்பியர் எத்தீரியத்தின் முதன்மைச் செயினிலிருந்து, அதன் மேல் ஓடும் கட்டணம் குறைந்த ஆர்பிட்ரம் என்ற செயினுக்குப் போனதற்கு இந்தக் கேஸ்தான் காரணம். அதற்கு முன் சின்ன ஆட்கள் பரிசை எடுக்கப் போனால் பரிசைவிடக் கட்டணம் பெரிதாக இருக்கும்.

அச்சிடும் டோக்கனில் பங்கு

இரண்டாவது வழி ஸ்டேக், அதாவது வலையில் பிணையாகப் பூட்டி வைக்கும் டோக்கன். லைவ்பியரில் ஸ்டேக் அளவில் முதல் நூறு ஆர்க்கெஸ்ட்ரேட்டர்கள் (கேட்வேயிடம் வேலை வாங்கிச் செய்து தரும் என்னைப் போன்றவர்கள்) மட்டுமே களத்தில் இருக்க முடியும். உங்களிடம் அவ்வளவு டோக்கன் இல்லையென்றால் பிறர் தங்கள் டோக்கனை உங்கள் பெயரில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் டெலிகேட்டர்கள். ஒவ்வொரு சுற்றிலும் (ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நாள்) புதிதாக வரும் டோக்கனில் நீங்கள் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பிரிக்கிறீர்கள். அந்தச் சதவீதத்துக்குப் பெயர் ரிவார்டு கட்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன். தி கிராஃப் என்ற வலையிலும் கொஞ்ச காலம் இண்டெக்ஸராக இருந்தேன். பிளாக்செயின் தரவை வரிசைப்படுத்தி, கேள்விக்குப் பதில் கொடுக்கும் வேலை. அங்கேயும் ரிவார்டு கட் என்றே ஒரு எண் உண்டு. லைவ்பியரில் வைத்த பழக்கத்தில் 20 என்று போட்டேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு என்று தெரியாமல் போய்விட்டது.

பாருங்கள். மொத்த ஸ்டேக்கில் என்னுடையது 30 சதவீதம், டெலிகேட்டர்களுடையது 70. ஒரு காலகட்டத்தில் வந்த பரிசு 1000 டோக்கன்.

லைவ்பியர் முறையில், முதலில் கட் 200 எனக்கு. மீதி 800-ஐ என் ஸ்டேக்கையும் சேர்த்து விகிதப்படி பிரிப்பார்கள். எனக்கு 240, அவர்களுக்கு 560. ஆக எனக்கு மொத்தம் 440.

தி கிராஃப் முறையில் கட் 200 எனக்கு. மீதி 800 முழுவதும் டெலிகேட்டர்களுக்கே. என் சொந்த ஸ்டேக் அந்தப் பிரிவினையில் கலந்துகொள்ளாது. என் 30 சதவீதம் நியாயமாக 300 ஈட்டியிருக்க வேண்டும். நான் எடுத்தது 200. அதாவது கமிஷன் வாங்குவதாக நினைத்துக்கொண்டு, சர்வர் செலவையும் நானே ஏற்று, கூடுதலாக 100 டோக்கனை அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம்!

அங்கே கட் உங்கள் சொந்த ஸ்டேக் விகிதத்துக்குக் கீழே போனால் நஷ்டம். மேலே உள்ள கணக்கில் உண்மையான 20 சதவீதக் கமிஷன் வேண்டுமென்றால் 44 என்று வைக்க வேண்டும். 44 என்று மாற்றியதும் ஒரு டெலிகேட்டர் கோபமாக எழுதினார்: "இருபதில் இருந்து நாற்பத்து நாலா? இது கொள்ளை இல்லையா சார்?" கணக்கு முழுவதையும் அவருக்கு எழுதி அனுப்பினேன். 70 சதவீத ஸ்டேக்குக்கு 700 வர வேண்டியது, இப்போது 560 வரும், ஐந்தில் ஒன்று எனக்கு, அவ்வளவுதான் என்று. அவர் விலகவில்லை. அதிலிருந்து நான் அறிவிக்கும் எண் எப்போதும் இந்த உண்மைக் கமிஷன்தான். வலையின் திரையில் தெரியும் எண்ணைப் பக்கத்தில் விளக்கமாகப் போடுவேன்.

டெலிகேட்டர் என்பவர் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியவர். ஆனால் உடனே போக முடியாது. லைவ்பியரில் ஸ்டேக்கை விடுவிக்க ஏழு சுற்றுகள் காத்திருக்க வேண்டும், தி கிராஃப்பில் 28 நாள். அவர்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு திடீரென்று ரிவார்டு கட் சதவீதத்தை ஏற்றுபவர்கள் உண்டு. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏற்ற வேண்டுமென்றால் காத்திருக்கும் காலத்தைவிட அதிக நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், போக நினைப்பவர் பழைய விலையிலேயே போகட்டும்.

இன்னொன்று. பூல் நடத்தினால் வேலைக் கட்டணம் கார்டுக்காரர்களுக்குப் போக வேண்டும், டோக்கன் பரிசு டெலிகேட்டர்களுக்குப் போக வேண்டும். ஒரே பணத்தை இரண்டு பக்கமும் காட்டி ஆள் சேர்க்காதீர்கள். என் டெலிகேட்டர்களுக்கு வேலைக் கட்டணத்தில் பங்கு கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

கண்ணில் படாத செலவுகள்

என் 20 சதவீதம் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2 கேஸுக்கு. 6 சர்வருக்கும் இணையத்துக்கும். 4 கையிருப்பை நிரப்ப. மிச்சம் 8 எனக்கு. சர்வர் செலவு அதிகமாகத் தெரியலாம். காரணம் அந்த இரண்டு நொடித் துண்டுதான். ஒரு துண்டு கேட்வேயிலிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து ஒருவர் வீட்டுக் கார்டுக்குப் போய், நாலு அளவில் மாறி, அதே வழியில் திரும்ப வேண்டும். இதெல்லாம் அடுத்த துண்டு வருவதற்குள் முடிய வேண்டும். 2.3 நொடி ஆனால் வீடியோ தங்கித் தங்கி ஓடும், கேட்வே என்னை விட்டுவிட்டு வேறொருவரிடம் போய்விடும். வீட்டு இணையத்தில் கீழிறங்கும் வேகம் நன்றாக இருக்கும், மேலேற்றும் வேகம் அப்படி இருக்காது. மாற்றிய நாலு பிரதியையும் மேலேற்ற வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. புதியவர் யார் சேர்ந்தாலும் கார்டின் பெயரைக் கேட்கும் முன் நான் மேலேற்றும் வேகத்தைத்தான் கேட்கிறேன். வேகம் குறைந்த ஒருவர் பூலில் இருந்தால் மற்ற பத்துப் பேருக்கும் வர வேண்டிய வேலை போகும்.

கேஸ் வாலட்டை மறக்காதீர்கள். லைவ்பியரில் ஒவ்வொரு சுற்றிலும் பரிசைக் கேட்டு ஒரு பரிவர்த்தனை அனுப்ப வேண்டும். கேட்காத சுற்றின் பரிசு போனது போனதுதான், பிறகு கேட்டு வாங்க முடியாது. ஒரு முறை என் வாலட்டில் கேஸுக்கு ஈத்தர் தீர்ந்து, மூன்று சுற்று அப்படியே போய்விட்டது. டெலிகேட்டர்களின் பங்கை என் சொந்த டோக்கனிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். வென்ற டிக்கெட்டுக்கும் காலாவதி உண்டு. இருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் போனில் அலாரம் அடிக்கும்படி வைப்பது பத்து நிமிட வேலை, முதல் நாளே செய்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் பணம்

மூன்றாவது வழியை நான் செய்யவில்லை, அதனால் சுருக்கமாக. வாலட், டோக்கன், கேஸ் என்றாலே ஓடும் வாடிக்கையாளர்கள்தான் உலகில் அதிகம். அவர்களுக்கு மாதக் கட்டணத்தில் சாதாரணப் பணத்துக்குச் சேவையை விற்று, பின்னால் வலைக்கு ஈத்தர் போன்ற டோக்கனில் செலுத்துவது கேட்வே நடத்துபவரின் பிழைப்பு. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளி லாபம். ஆபத்து எங்கே என்றால், வாங்கும் விலை டோக்கனில், விற்கும் விலை சாதாரணப் பணத்தில். டோக்கன் விலை ஒரே வாரத்தில் ஏறினால் லாபம் காணாமல் போகும். இதில் நிலைத்து நிற்பவர்கள் வருட ஒப்பந்தம் போட மாட்டார்கள், ஒரு மாதத் தேவைக்கான டோக்கனை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஃபைல்காயின் என்ற வலையில் இதே தொழிலுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அங்கே சேமிப்பு பொதுவாக 32 ஜிபிபைட் கட்டங்களாக நடக்கும். பத்து எம்பி கோப்பு வைத்திருப்பவரோடு நேரடியாக ஒப்பந்தம் போட எந்தச் சேமிப்பாளருக்கும் நேரம் இல்லை. நடுவில் ஒருவர் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை வாங்கி, ஒரு கட்டம் நிறையும் அளவுக்கு மூட்டை கட்டிக் கொடுக்கிறார். மூட்டை நிறைந்தால் லாபம். பாதியிலேயே அனுப்பினால் காலி இடத்துக்கும் அவரே காசு கொடுக்க வேண்டும். நிறையட்டும் என்று காத்திருந்தால் அதுவரை கோப்புகளைத் தன் சர்வரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும், யாராவது கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். இந்த எடுத்துக் கொடுக்கும் செலவைக் கட்டணத்தில் சேர்க்காமல் விட்டவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். வைப்பது ஒரு முறை, கேட்பது எத்தனை முறை என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் தனித்தனி விலை வையுங்கள்.

பட்டுவாடா நாள்

கடைசியாக, என் வாராந்திர வேலையை அப்படியே சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒவ்வொரு கார்டும் எத்தனை பிக்சல் மாற்றியது என்ற கணக்கை எடுப்பேன், ஏனென்றால் லைவ்பியரில் விலை பிக்சலுக்குத்தான். அதற்கு அந்த வாரம் கேட்வேக்கள் அனுப்பிய டிக்கெட்டுகளின் சராசரி மதிப்பைப் போடுவேன். 80 சதவீதத்தைக் கணக்கிட்டு, செயினில் அனுப்பும் முன் எல்லாரும் பார்க்கும்படி ஒரு தாளில் போட்டு ஒரு நாள் விடுவேன். யாருக்காவது தன் கார்டின் எண் தவறாகப் பட்டால் அந்த ஒரு நாளில் சொல்லலாம். மிகச் சிறிய தொகை உள்ளவர்களுக்கு அனுப்பாமல் அடுத்த வாரத்தில் சேர்ப்பேன், அனுப்பும் கேஸ் தொகையில் நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குள் பேசி வைத்தது. தாளின் கடைசி வரியில் மூன்று எண்கள்: இந்த வாரம் வென்ற டிக்கெட், வென்றிருக்க வேண்டிய சராசரி, இப்போதைய கையிருப்பு. போன வாரம் வென்றது பூஜ்யம், சராசரி ஒன்று, கையிருப்பு இரண்டரை மாதத்துக்கு இருந்தது. யாரும் செய்தி அனுப்பவில்லை. கழற்றிக்கொண்டு போன அந்தத் தம்பி மட்டும், மேலேற்றும் வேகம் இப்போது எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தான்.